இணைய விளையாட்டு உலகங்களில் வியப்பு தீர்ந்துபோவது எப்படி?

இணையவழிப் பாத்திர விளையாட்டுகளை நீண்ட காலம் ஆடியவர்களிடம் பேசினால், பெரும்பாலானோர் ஒரே குறையைச் சொல்வார்கள்: முதல் சில மாதங்களில் இருந்த மயக்கம் பிறகு திரும்பவே இல்லை. காரணம் கேட்டால் கருத்துகள் பிரியும். விளையாட்டை நடத்தும் நிறுவனம் பேராசையால் அதைக் கெடுத்துவிட்டது என்பார் ஒருவர். உனக்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான் என்பார் இன்னொருவர். இப்போதைய ஆட்டக்காரர்களுக்குப் பொறுமை இல்லை என்பார் மூன்றாமவர். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் மூவருமே ஒரு குற்றவாளியைத் தேடுகிறார்கள். நிறுவனம் நேர்மையாக நடந்திருந்தாலும், ஆட்டக்காரர் இளைஞராகவே இருந்தாலும், எல்லோரும் பொறுமைசாலிகளாக இருந்தாலும் வியப்பு குறைந்துதான் இருக்கும் என்பதை இக்கட்டுரை படிப்படியாக விளக்க முயல்கிறது.

எந்த வகை விளையாட்டு?

ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஒரு கற்பனை உலகில் நுழைந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அதை மாதக்கணக்கில் வளர்க்கும் விளையாட்டுகளைப் பற்றியே இங்கே பேசுகிறோம். நாம் கணினியை அணைத்துவிட்டுத் தூங்கப் போனாலும் அந்த உலகம் இயங்கிக்கொண்டிருக்கும். அங்கே சந்தை நடக்கும், சண்டை நடக்கும், யாரோ நம்மை முந்திச் சென்றுகொண்டிருப்பார்கள். அந்த உலகின் ஒரு பிரதியைத் தாங்கும் கணினித் தொகுப்பைச் ‘சர்வர்’ என்பார்கள். ஒரே விளையாட்டுக்குப் பல சர்வர்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் அதே மலையும் அதே அரக்கனும் இருக்கும், மனிதர்கள் மட்டும் வேறு. பாத்திரத்தின் வளர்ச்சிப் படிகளுக்கு ‘லெவல்’ என்று பெயர்.

இவ்வகையின் மூதாதை 1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் உருவாக்கிய ‘மட்’ என்ற விளையாட்டு. அதில் படமே கிடையாது; எழுத்து வருணனை மட்டுமே. 1997-இல் அல்டிமா ஆன்லைன், 1999-இல் எவர்குவெஸ்ட், ஆஷரன்ஸ் கால், 2004-இல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்று இவ்வகை வளர்ந்தது. கடைசியாகச் சொன்ன விளையாட்டுக்கு 2010 அக்டோபரில் 1.2 கோடிச் சந்தாதாரர்கள் இருந்தார்கள்.

விடுகதையின் விதி

ஒரு விடுகதையின் வலிமை முழுவதும் விடை தெரியாததில் இருக்கிறது. விடையைக் கேட்ட கணத்தில் அது விடுகதையாக இருப்பதை நிறுத்திவிட்டு வெறும் தகவலாகிறது; தெரிந்ததை மறுபடி தெரியாததாக்க வழியில்லை. இன்னொரு இயல்பும் அதற்கு உண்டு. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் விடுகதை போட்டால், ஒரே ஒரு பிள்ளை விடையைக் கத்திவிட்டாலே போதும், மீதி முப்பத்தொன்பது பேருக்கும் அது முடிந்துவிடும். அவர்களும் இப்போது விடையை அறிவார்கள். ஆனால் கண்டுபிடித்த மகிழ்ச்சி அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

விளையாட்டு உலகில் வியப்பு என்று நாம் அழைப்பதை இதை ஒட்டியே வரையறுக்கலாம். தனக்குத் தெரிந்த பகுதியைவிடத் தெரியாத பகுதி மிகப் பெரியது என்று ஆட்டக்காரர் நம்பும் நிலைதான் அது. நம்பும் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். எந்த விளையாட்டு உலகமும் எல்லைக்குட்பட்டதே. அதில் எத்தனை குகைகள், எத்தனை வாள்கள், எந்த அரக்கன் எதைத் தருவான் என்பதெல்லாம் ஒரு தரவுப் பட்டியலில் வரிசையாக இருக்கிறது. அந்தப் பட்டியல் ஆட்டக்காரர் கைக்கு வராதவரை உலகம் அதன் உண்மை அளவைவிடப் பல மடங்கு பெரிதாகத் தெரியும்.

தெரியாமையிலும் இரண்டு வகை உண்டு. அந்த மலைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாமை ஒன்று. இதை இருப்பு பற்றிய அறியாமை எனலாம். அங்கே போனால் எனக்கு என்ன நடக்கும் என்று தெரியாமை மற்றொன்று. இது நிகழ்வு பற்றிய அறியாமை. விடுகதையின் விதி முதல் வகைக்குத்தான் முழுமையாகப் பொருந்தும். இரண்டாவது வேறு விதமாக நடந்துகொள்ளும் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

சுருங்கச் சொன்னால், வியப்பு என்பது உலகின் அளவைப் பொறுத்தது போலத் தோன்றினாலும் உண்மையில் ஆட்டக்காரரின் அறியாமையின் அளவைப் பொறுத்தது. அந்த அறியாமையைக் கூட்டத்தில் ஒருவர் மட்டும் தனியாகக் காப்பாற்றிக்கொள்வது கடினம்.

வரைபடம் இல்லாத ஓர் உலகம்

அறியாமை ஒரு விளையாட்டில் எப்படி வேலை செய்தது என்பதற்கு எவர்குவெஸ்ட் நல்ல எடுத்துக்காட்டு. 1999 மார்ச்சில் அது வெளியானபோது உள்ளே வரைபடமே இல்லை. திசையைத் தட்டுத் தடுமாறித்தான் அறிய வேண்டும். மனித இனப் பாத்திரத்துக்கு இரவில் கண் தெரியாது. திரை உண்மையாகவே இருண்டுவிடும். இறந்தால் உடைமைகள் எல்லாம் இறந்த இடத்தில் கிடக்கும் உடலோடு தங்கிவிடும். அவற்றை மீட்க, நம்மைக் கொன்ற இடத்துக்கே வெறுங்கையோடு திரும்பிப் போக வேண்டும். ஒரு கண்டத்திலிருந்து இன்னொரு கண்டத்துக்குப் போகத் துறைமுகத்தில் கப்பலுக்காகக் காத்திருக்க வேண்டும்.

இவற்றில் பாதிக்கு மேல் இன்றைய அளவுகோலில் குறைபாடுகள். ஆனால் அவை ஒன்றுசேர்ந்து ஒரு விளைவை உண்டாக்கின: தெரியாததை அறிய இன்னொரு மனிதரிடம்தான் கேட்டாக வேண்டும். ஆட்டக்காரர்கள் தமக்குள் பொருள் விற்க விளையாட்டுக்குள் தனி ஏற்பாடு எதுவும் இல்லாததால், ஈஸ்ட் காமன்லேண்ட்ஸ் என்ற பகுதியில் இருந்த ஒரு சுரங்க வழியில் ஆட்டக்காரர்கள் தாமாகவே கூடிக் கூவி விற்கத் தொடங்கினார்கள். நாளடைவில் பல சர்வர்களில் அதுவே பெரும் சந்தையானது. எந்த வடிவமைப்பாளரும் அங்கே சந்தை என்று பலகை வைக்கவில்லை. அந்தச் சுரங்கத்துக்குள் முதன்முறை நுழைந்த புதியவருக்கு ஏற்பட்ட திகைப்பு, நிறுவனம் வரைந்த எந்தக் கோட்டையாலும் தர முடியாத ஒன்று என்பது என் கருத்து.

முதல் கசிவு: மனம் கற்றுக்கொள்கிறது

வியப்பு குறைவதன் எளிய காரணம் தனியாளின் கற்றல். அல்டிமா ஆன்லைனையும் பின்னர் ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸையும் வடிவமைத்த ராஃப் கோஸ்டர் இதைத் தெளிவாக வாதிட்டிருக்கிறார்: விளையாட்டில் நாம் அடையும் இன்பம் ஓர் ஒழுங்கைக் கண்டுபிடித்துக் கற்கும் இன்பமே, அந்த ஒழுங்கு கைவந்துவிட்டால் மனம் அதை விட்டு விலகும்.

முதல் லெவல்களில் ஓநாய் என்றால் ஓநாய்தான். இருட்டில் அதன் ஊளை கேட்டால் ஓடுவோம். நாற்பதாவது லெவலில் அது இத்தனை உயிர்ப்புள்ளி உள்ள, இத்தனை நொடிக்கு ஒருமுறை தாக்கும், கொன்றால் இவ்வளவு அனுபவப்புள்ளி தரும் ஓர் எண்தொகுதி. கண்ணுக்கு இன்னும் ஓநாயாகவே தெரிந்தாலும் மனம் எண்ணைத்தான் படிக்கிறது. இதனால்தான் ஒரு விளையாட்டை நன்றாகக் கற்றவர் அதே இலக்கணத்தில் அமைந்த அடுத்த விளையாட்டுக்குப் போனாலும் பழைய மயக்கம் வருவதில்லை. தோல் புதிது, எலும்பு அவருக்கு ஏற்கெனவே தெரியும். வயதாகிவிட்டது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கற்றலைத்தான் வயது என்று தவறாகக் கணக்கிடுகிறார்கள். ஐம்பது வயதில் முதன்முதலாக இத்தகைய உலகுக்குள் வருபவரும் திகைக்கத்தான் செய்கிறார்.

இது எல்லா விளையாட்டுக்கும் பொதுவானது, சதுரங்கத்துக்கும் உண்டு. இணைய உலகங்களுக்கே உரிய சிக்கல் அடுத்தது.

இரண்டாம் கசிவு: கூட்டம் கற்றுக்கொள்கிறது

ஒரு கூட்டம் ஓர் உலகைத் தின்று தீர்க்கும் வேகத்தை வடிவமைப்பாளர்கள் தொடக்கம் முதலே குறைத்து மதிப்பிட்டு வந்திருக்கிறார்கள். அல்டிமா ஆன்லைனில் புல், இரை விலங்கு, வேட்டை விலங்கு என ஒன்றையொன்று சார்ந்த உயிர்ச் சூழல் ஒன்றை அமைத்திருந்தார்கள். முயல் குறைந்தால் ஓநாய் ஊருக்குள் வரும் என்பது போன்ற நுட்பமான திட்டம். ஆட்டக்காரர்கள் உள்ளே வந்ததும் கண்ணில் பட்ட எல்லா விலங்கையும், அவை பிறக்கும் வேகத்தைவிட விரைவாகக் கொன்று தீர்த்தார்கள். அப்படியொரு சூழல் இருந்ததையே யாரும் கவனிக்கவில்லை என்று அதன் படைப்பாளர் ரிச்சர்ட் காரியட் பிற்காலத்தில் சொன்னார். அந்த அமைப்பு நீக்கப்பட்டது.

விலங்குகளுக்கு நேர்ந்ததே இரகசியங்களுக்கும் நேர்ந்தது. இதற்கு ஆஷரன்ஸ் காலின் மந்திர முறையைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை. 1999 நவம்பரில் வெளியான அவ்விளையாட்டில் மந்திரவாதிக்கு மந்திரங்கள் பட்டியலாகத் தரப்படவில்லை. மூலிகை, பொடி, திரவம், வண்ண மெழுகுவத்தி போன்ற பொருள்களைக் கலந்து பார்த்து அவரே கண்டுபிடிக்க வேண்டும். ஒருவர் கண்டதை மற்றவர் அப்படியே நகலெடுக்கக் கூடாது என்பதற்காக, மெழுகுவத்திகளின் சேர்க்கை ஆளுக்கு ஆள் மாறுபட்டது. போதாக்குறைக்கு, ஒரு மந்திரத்தை அதிகம் பேர் பயன்படுத்தினால் அதன் ஆற்றல் குறையும் என்ற விதியும் இருந்தது. அதாவது இரகசியத்தை வெளியிடுபவருக்கே நட்டம் என்ற கணக்கு.

காகிதத்தில் இதைவிடச் சிறந்த அரண் இருக்க முடியாது. ஆனால் ஆளுக்கு ஆள் மாறும் சேர்க்கைக்கும் ஒரு சூத்திரம் இருந்தது. அது ஆட்டக்காரரின் கணக்குப் பெயரிலிருந்து பெறப்பட்டது. சிலர் அந்தச் சூத்திரத்தைக் கண்டுபிடித்தார்கள். பெயரைக் கொடுத்தால் சேர்க்கையைத் தரும் ‘ஸ்பிளிட் பீ’ என்ற சிறு மென்பொருள் பரவியது. அதன் பின் மந்திர ஆராய்ச்சி என்பது வாய்பாட்டைப் பார்த்து எழுதும் வேலையாகிவிட்டது.

இங்கே ஒரு நொடி நிற்க வேண்டும். இரகசியத்தை வெளியிடுவது எல்லோருக்கும் நட்டம் என்றால் ஏன் வெளியிட்டார்கள்? வெளியிடுபவருக்கு நட்டம் சிறு பங்கு. புகழோ முழுப் பங்கு. தெரிந்ததைப் பிறருக்குச் சொல்வதில் மனிதருக்கு உள்ள இயல்பான மகிழ்ச்சி வேறு. பத்தாயிரம் பேரில் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு பேர் வாய் மூடியிருந்தாலும், மீதிப் பத்துப் பேர் பேசினால் போதும். இது யாருடைய ஒழுக்கக் குறையும் அன்று, எண்ணிக்கையின் விளைவு.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் காலத்தில் இரகசியத்தைச் சொல்ல மனிதர்கூடத் தேவைப்படவில்லை. விளையாட்டோடு இணைத்துக்கொள்ளும் துணை மென்பொருளுக்கு ‘ஆட்-ஆன்’ என்று பெயர். காஸ்மாஸ் என்ற ஆட்-ஆனைப் பயன்படுத்தியவர்களிடமிருந்து எந்த அரக்கன் எங்கே நின்றான், எந்தப் பொருளை விட்டுச் சென்றான் என்ற தகவல் தானாகவே தாட்பாட் என்ற தளத்தின் தரவுத்தொகுப்பில் சேர்ந்தது. 2006-இல் வந்த வவ்ஹெட் இதை இன்னும் ஒழுங்காகச் செய்தது. அடுத்த கட்டம் ‘டேட்டாமைனிங்’: நிறுவனம் அனுப்பும் விளையாட்டுக் கோப்புகளைப் பிரித்து, இன்னும் திறக்கப்படாத பகுதிகளின் உருவங்களையும் வசனங்களையும் முன்கூட்டியே எடுப்பது. இப்போது ஒரு புதிய பகுதி திறக்கும் நாளில் அதற்கான முழு வழிகாட்டியும் அணியமாக இருக்கிறது. உலகம் பிறக்கும் முன்பே அதன் வரைபடம் பிறந்துவிடுகிறது.

இதுவரை சொன்னதைத் தொகுத்தால்: தனியாள் கற்பது மெதுவான கசிவு, கூட்டம் கற்பது அணை உடைப்பு. ஒரு விளையாட்டு எவ்வளவு பெரியதாகிறதோ, அதை அறிந்து தீர்க்கும் கைகளும் அவ்வளவு பெருகுகின்றன.

பார்க்காமல் இருந்தால் போதாதா?

புதிதாகக் கேட்பவர்கள் இங்கே சரியான கேள்வி ஒன்றை எழுப்புவார்கள். வழிகாட்டிகள் வியப்பைக் கெடுத்தால் அவற்றைப் படிக்காமல் இருக்கலாமே?

தனியாக ஆடும் விளையாட்டில் இருக்கலாம். இவ்வகை உலகங்களில் சிறந்த பரிசுகள் கூட்டு முயற்சிக்கே கிடைக்கின்றன. ஒன்றாக ஆடும் நிலையான குழுவைக் ‘கில்டு’ என்பார்கள். பத்து முதல் நாற்பது பேர் வரை சேர்ந்து ஒரு பேரரக்கனைத் தாக்கும் படையெடுப்பு ‘ரெய்டு’. நாற்பது பேரில் ஒருவர் தவறான இடத்தில் நின்றால் நாற்பது பேரும் இறக்கக்கூடும். அப்படியிருக்க, நான் எதையும் படிக்காமல் வந்து கண்டுபிடிக்கப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவருடைய வியப்புக்கான விலையை மற்ற முப்பத்தொன்பது பேரும் தங்கள் மாலைப்பொழுதால் செலுத்த வேண்டியிருக்கிறது. எனவே படித்துவிட்டு வருவது முதலில் உதவி, பிறகு மரியாதை, கடைசியில் நிபந்தனை என்று மாறுகிறது.

இந்த அழுத்தத்தின் விளைபொருளுக்கு ‘மெட்டா’ என்று பெயர். ஒரு காலகட்டத்தில் மிகச் சிறந்த பலன் தருவதாக எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஆடும் முறை அது. பனிக்கட்டி மந்திரம் நெருப்பு மந்திரத்தைவிடச் சற்றே கூடுதல் சேதம் தருகிறது என்று கணக்குக் காட்டினால், நெருப்பை விரும்பும் மந்திரவாதி தன் விருப்பத்துக்குக் காரணம் சொல்ல வேண்டியவராகிறார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. அழைப்பு மட்டும் வருவதில்லை.

ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸில் நடந்தது இதன் உச்சம். 2003-இல் வெளியான அவ்விளையாட்டில் ஜெடை (ஸ்டார் வார்ஸ் திரைப்படங்களில் வரும் மாய ஆற்றல் கொண்ட போர்வீரர்) ஆவது மிக அரிதான, மறைக்கப்பட்ட பாதை. எப்படி என்று யாருக்கும் சொல்லப்படவில்லை. யாராலும் கண்டுபிடிக்க முடியாமல் போனதும், ‘ஹோலோகிரான்’ என்ற குறிப்புப் பொருள்கள் விளையாட்டுக்குள் வந்தன; நீ இந்தத் தொழிலில் தேர்ச்சி பெற வேண்டும் என்று அவை சொல்லும். பல தொழில்களை வரிசையாகத் தேர்ந்தால் ஜெடை ஆகலாம் என்ற உண்மை அதோடு வெளிப்பட்டது. தையற்காரராகவும் நடனக் கலைஞராகவும் மருத்துவராகவும் விரும்பி வாழ்ந்துகொண்டிருந்த பலர் அந்த வாழ்க்கையைத் துறந்து, பிடிக்காத தொழில்களை இயந்திரம் போல ஒன்றன்பின் ஒன்றாக முடித்துத் தள்ளத் தொடங்கினார்கள். ஒரு இரகசியம் உடைந்தபோது அது தன்னை மட்டும் அழித்துக்கொள்ளவில்லை. சுற்றியிருந்த இயல்பான வாழ்க்கையையும் கலைத்தது.

வசதிகள் தூரத்தைச் சுருக்குகின்றன

நிறுவனங்கள் மேல் சொல்லப்படும் குற்றச்சாட்டு பெரும்பாலும் இந்த இடத்தைப் பற்றியதே. எவர்குவெஸ்ட் 2002 அக்டோபரில் வெளியிட்ட விரிவாக்கத்தில் (பழைய உலகோடு புதிய பகுதிகளைச் சேர்க்கும் கூடுதல் தொகுப்பு), ஒரு பொது நகரத்தின் வழியாக உலகின் பல பகுதிகளுக்கும் உடனடியாகத் தாவும் வசதி வந்தது. கப்பல் துறைகள் வெறிச்சோடின. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2009 டிசம்பரில் தானியங்கிக் குழு அமைப்பை அறிமுகப்படுத்தியது. பொத்தானை அழுத்தினால் வெவ்வேறு சர்வர்களிலிருந்து ஐந்து பேரைச் சேர்த்து நேரே குகைக்குள் இறக்கிவிடும். அதற்கு முன் ஆள் தேடி நகரில் கூவ வேண்டும், குகை வாசலுக்குப் பயணம் செய்ய வேண்டும், வழியில் எதிரிகளிடம் மாட்டிக்கொள்ள வேண்டும். 2010-இல் பழைய கண்டங்களின் மேலும் பறக்கும் வசதி வந்தபின், காடும் கணவாயும் கீழே தெரியும் நிறத்திட்டுகளாயின.

ஒவ்வொரு மாற்றமும் தனித்தனியே பார்த்தால் நியாயமானது. வேலை முடித்து வந்து ஒரு மணி நேரம் ஆட உட்காருபவர் அதில் நாற்பது நிமிடத்தை ஆள் தேடுவதில் செலவிட வேண்டும் என்று யாரும் வாதிட முடியாது. ஆட்டக்காரர்களே இவற்றைக் கேட்டார்கள், வந்ததும் மகிழ்ச்சியாகப் பயன்படுத்தினார்கள். ஆயினும் அறியாமை தங்கியிருந்த இடங்கள் பெரும்பாலும் இந்த இடைவெளிகள்தாம். இலக்கு நமக்கு முன்பே தெரிந்தது. தெரியாதது வழியில்தான் இருந்தது. வழியை அகற்றியபோது அதுவும் போயிற்று. எனவே பேராசை என்ற சொல் இந்த மாற்றங்களுக்குப் பொருந்தவில்லை என்றே நினைக்கிறேன். காசு கொடுத்து லெவலைத் தாண்டும் வசதி போன்றவற்றுக்கு அச்சொல்லைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

விரிவாக்கங்கள் செய்யும் இன்னொரு சேதத்தையும் இங்கேயே குறிப்பிட்டுவிடலாம். புதிய விரிவாக்கத்தில் கிடைக்கும் சாதாரண வாள், பழைய உலகின் மிக அரிய வாளைவிட வலிமையாக இருக்கும். இல்லாவிட்டால் யாரும் புதிய பகுதிக்குப் போக மாட்டார்கள். ஒரு காலத்தில் ஊரே கூடி வேடிக்கை பார்த்த ஆயுதம் கடையில் விற்றுத் தள்ளும் பொருளாகிறது. மக்கள் தொகை உச்ச லெவலில் குவிய, தொடக்கப் பகுதிகள் ஆளில்லாமல் நிற்கின்றன.

பழைய உலகைத் திரும்பத் திறந்தால்?

வசதிகள்தாம் காரணம் என்றால், அவற்றை எடுத்துவிட்டால் வியப்பு மீள வேண்டும். இதை ஒரு சோதனை போலவே செய்து பார்த்திருக்கிறார்கள். 2019 ஆகஸ்ட் இறுதியில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் தொடக்ககால வடிவம் தனிச் சர்வர்களில் மீண்டும் திறக்கப்பட்டது. பறத்தல் இல்லை, தானியங்கிக் குழு இல்லை, பழைய தூரங்கள் அப்படியே.

முதல் வாரங்களில் கூட்டமும் பேச்சும் உதவியும் உண்மையாகவே திரும்பின. அதை மறுக்க முடியாது. ஆனால் ரக்னரோஸ் என்ற நெருப்பு அரக்கனின் கதையைப் பாருங்கள். முதல்முறை, 2004 நவம்பரில் விளையாட்டு வெளியானபின் அவனை வீழ்த்த ஏறத்தாழ ஐந்து மாதங்கள் ஆயின. 2019-இல் ஒரு வாரத்துக்குள் அவன் விழுந்தான். நியாயத்துக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும்: மறுபடி திறக்கப்பட்டது அந்தப் பழைய காலத்தின் கடைசி வடிவம், பாத்திரங்களின் திறன்கள் அதற்குள் மேம்படுத்தப்பட்டிருந்தன. ஆனாலும் முதன்மையான வேறுபாடு ஆட்டக்காரர்களின் தலைக்குள்தான் இருந்தது.

அதைவிடச் சுவையானது, பழைய விதிகளுக்குள் புதிய மெட்டா முளைத்தது. உலகின் வெவ்வேறு இடங்களில் சிறிது நேரத்துக்குக் கூடுதல் ஆற்றல் தரும் ஆசிகள் உண்டு. 2005-இல் அவை கிடைத்தால் நல்லது என்ற அளவில் இருந்தன. 2019-க்குப் பின் ரெய்டுக்கு முன் அவற்றையெல்லாம் வரிசையாகச் சேகரிப்பது பல கில்டுகளில் கட்டாயமாயிற்று. பாத்திரம் உலகுக்குள் இருக்கும்போது மட்டுமே ஆசியின் காலம் கரையும் என்பதால், ஆசி பெற்றவுடன் வெளியேறி, ரெய்டு நாள்வரை அந்தப் பாத்திரத்தைத் தொடாமலே இருந்தார்கள். விளையாட்டை நன்றாக ஆடுவதற்காக விளையாட்டை ஆடாமல் இருப்பது! நிறுவனம் 2021-இல் ஆசிகளைச் சேமித்து வைக்கும் பொருள் ஒன்றைக் கொடுத்து இதைத் தணிக்க வேண்டியிருந்தது.

ஆக, விதிகளைப் பழையபடி ஆக்கலாம். ஆட்டக்காரர்களின் அறிவைப் பழையபடி ஆக்க முடியாது.

தீராத வகை

இப்போது அந்த இரண்டாம் வகை அறியாமைக்கு வருவோம்: என்ன நடக்கும் என்று தெரியாமை. இது விடுகதைபோல ஒருமுறையோடு முடிவதில்லை.

அதே பழைய வார்கிராஃப்ட் உலகில், இறந்தால் பாத்திரம் நிரந்தரமாக முடிந்தது என்ற விதியை ஆட்டக்காரர்கள் தாமாகவே வகுத்து, ஆட்-ஆன் ஒன்றின் துணையோடு ஆடத் தொடங்கினார்கள். 2023 ஆகஸ்டில் நிறுவனமே அதற்குத் தனிச் சர்வர்களைத் திறந்தது. அந்த உலகின் ஒவ்வொரு கல்லும் அவர்களுக்குத் தெரியும். இருந்தும் பத்தாவது லெவலில் ஒரு குகைக்குள் நுழையும்போது இதயம் அடித்துக்கொள்கிறது. என்ன இருக்கிறது என்பது தெரிந்திருந்தும், தப்புவோமா என்பது தெரியவில்லை.

இந்த வகையின் மிக வளமான ஊற்று பிற மனிதர்கள். எவர்குவெஸ்டில் கெராஃபிர்ம் என்ற உறங்கும் பறவைநாகம் கொல்லப்பட முடியாததாகவே வைக்கப்பட்டிருந்தது. ஒரு சர்வரில் ஒரே ஒருமுறைதான் அதை எழுப்ப முடியும். 2003 நவம்பரில் ரல்லோஸ் ஜெக் சர்வரில் 180-க்கும் மேற்பட்டோர், வழக்கமாகப் பகைவர்களான கில்டுகளும் சேர்ந்து, பல மணி நேரம் போரிட்டார்கள். முதல் முயற்சியின் நடுவே நிறுவனம் அந்தப் பறவைநாகத்தை மறையச் செய்துவிட்டது. பின்னர் வருத்தம் தெரிவித்து மறுவாய்ப்புத் தந்தபோது அதைக் கொன்றார்கள். எந்தத் தரவுத்தொகுப்பிலும் இப்படி நடக்கும் என்று எழுதியிருக்கவில்லை. 2005 செப்டம்பரில் வார்கிராஃப்டில் ஒரு ரெய்டுக்குள் மட்டும் இருக்க வேண்டிய தொற்றுச் சாபம், ஆட்டக்காரர்களின் வளர்ப்பு விலங்குகள் வழியாக நகரங்களுக்குப் பரவி, தெருவெங்கும் எலும்புக்கூடுகள் கிடந்ததும் இப்படித்தான். நிறுவனத்துக்கு அது பிழை. அங்கே இருந்தவர்களுக்கோ மறக்க முடியாத நாள்.

ஐஸ்லாந்து நிறுவனமான சி.சி.பி. 2003-இல் வெளியிட்ட ஈவ் ஆன்லைன் இந்த ஊற்றையே அடித்தளமாக வைத்தது. பெரும்பாலான ஆட்டக்காரர்கள் ஒரே விண்வெளியில் வாழ்கிறார்கள். அரசியலும் துரோகமும் அவர்களே உண்டாக்குவது. 2014 ஜனவரியில் ஒரு கூட்டணி தன் பகுதிக்கான கட்டணத்தைச் செலுத்தத் தவறியதால் வெடித்த போர் 21 மணி நேரம் நீடித்து, 7,500-க்கும் மேற்பட்டோரை இழுத்து, டைட்டன் என்ற மாபெரும் கப்பல்கள் 75-ஐ அழித்தது. அப்போது பத்து ஆண்டுகளைத் தாண்டிய பழைய விளையாட்டு அது. ஆனால் இதற்கும் விலை உண்டு. அதிகாரம் பழையவர்களிடம் குவிந்த உலகில் புதியவர் பெரும்பாலும் வேறொருவர் கதையில் கூலிப்படை வீரராகவே நுழைகிறார்.

புதியவரின் இடம்

புதியவர் என்றதும் ஒரு நடைமுறைக் கேள்வி எழுகிறது. வியப்பு பழையவர்களுக்குத்தானே தீர்ந்தது, இன்று முதன்முதலாக வருபவருக்கு இருக்குமே? இருக்கும், ஆனால் அவரைச் சுற்றி இருப்பவர்கள் எல்லோரும் விடை தெரிந்தவர்கள். பிறர் கண்ணுக்கு அவருடைய அறியாமை வெறும் தாமதமாகவே தோன்றுகிறது.

ஃபைனல் ஃபேன்டஸி 14 இதைக் கவனித்த விதம் ஆராயத்தக்கது. 2013-இல் மறுபிறவி எடுத்த அவ்விளையாட்டில், குழுவில் யாராவது ஒருவர் அந்தக் குகைக்கு முதன்முறை வந்திருந்தால், முடித்ததும் மற்றவர்களுக்குக் கூடுதல் பரிசு கிடைக்கும். அந்தச் செய்தி தொடக்கத்திலேயே திரையில் வரும். புதியவரின் அறியாமை மற்றவர்களுக்குச் செலவு என்பதை வரவு என்று மாற்றும் கணக்கு இது. திட்டிவிட்டுப் போகக்கூடியவர், பரிசை எண்ணியாவது, நின்று சொல்லிக்கொடுக்கிறார்.

அங்கும் ஓர் இடத்தில் கணக்கு தவறியது. முதன்மைக் கதையின் இறுதியில் வரும் இரண்டு பெரிய ஆட்டங்களில் நீண்ட கதைக் காட்சிகள் உண்டு. புதியவர் அவற்றைப் பார்த்து முடிப்பதற்குள், பரிசுக்காக நாள்தோறும் வரும் பழையவர்கள் அவரை விட்டு ஓடி எதிரிகளை முடித்துவிடுவார்கள். காட்சி முடிந்து கண் விழிப்பவர் காலியான அறையில் நிற்பார். 2018-இல் அந்தக் காட்சிகளை யாரும் தாண்ட முடியாதபடி செய்தார்கள். எல்லோரும் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பதால் புதியவர் பின்தங்கவில்லை. பழையவர்களோ அந்த நேரத்தில் தேநீர் போடப் போனார்கள். 2022 ஏப்ரலில் அந்த ஆட்டங்களையே பிரித்து, எட்டுப் பேருக்குப் பதில் நான்கு பேர் ஆடுவதாகவும், சில சண்டைகளைப் புதியவர் தனியாகவே சந்திப்பதாகவும் மாற்றி அமைத்தார்கள். இப்போது அந்தக் கடைசிக் காட்சிகளைப் புதியவர் அவசரமின்றிப் பார்க்கிறார்; பக்கத்தில் காத்திருக்க யாரும் இல்லை.